மாஸ்க்கை இறுக்கினால் லீக் நிற்குமா?

ஸ்லீப் ஆப்னியாவுக்காக (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் கோளாறு) சிபாப் மெஷின், அதாவது மாஸ்க் வழியாக அழுத்தமான காற்றைத் தொடர்ந்து செலுத்தும் கருவி, வைத்துத் தூங்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

என் கணவருக்கு வயது 54. மூக்கு, வாய் இரண்டையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் கண்ணில் காற்று அடிக்கிறது என்கிறார். ஸ்ட்ராப்பை இறுக்கி இறுக்கி மூக்குத்தண்டில் புண்ணே வந்துவிட்டது. சிகிச்சையே வேண்டாம் என்று விட்டுவிடுவாரோ என பயமாக இருக்கிறது.
— வாசகி, திருச்சி

புண்ணுக்கும் லீக்குக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அளவுக்கு மீறிய இறுக்கம். சிலிகான் குஷனின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். முகத்தில் படும் பகுதி மெல்லிய சவ்வு போல இருக்கும். மெஷின் காற்று உள்ளே வந்ததும் அந்தச் சவ்வு உப்பி, முக மேடுபள்ளத்துக்கு ஏற்ப உட்கார வேண்டும். ஸ்ட்ராப்பை இறுக்கினால் சவ்வு நசுங்கி மடிந்துவிடும். மடிப்பு வழியாகக் காற்று போகும். மறுபடி இறுக்குவோம், இன்னும் மடியும்.

இன்றிரவே இப்படிச் செய்து பாருங்கள். முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கட்டும். நாலு ஸ்ட்ராப்பையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, வழக்கமான தலையணையில் படுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி அளவு வைத்தால், படுத்ததும் தாடையும் கன்னமும் சரிந்து அந்த அளவு மாறிவிடும். மெஷினைப் போடும்போது ரேம்ப் வசதியை நிறுத்திவிடுங்கள். ரேம்ப்பில் குறைந்த அழுத்தத்தில்தான் காற்று வரும். அதில் சரியாக இருக்கும் மாஸ்க், அழுத்தம் ஏறியதும் லீக் ஆகும். சில மெஷின்களில் ‘மாஸ்க் ஃபிட்’ என்றே தனி வசதி உண்டு.

காற்று ஓடும்போதே மேல் ஸ்ட்ராப் இரண்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பிறகு கீழ் இரண்டு. கண் பக்கம் காற்று வந்தால் முதலில் கீழ் ஸ்ட்ராப்பைத் தளர்த்திப் பாருங்கள். கீழே அதிகம் இழுபட்டால் மேல்பக்கம் எழும்பிவிடும். இனி மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து, குஷன் உப்பியதும் மெதுவாகத் திரும்ப விடுங்கள். பாதி லீக் இதிலேயே நின்றுவிடும். மல்லாந்தும், இரு பக்கமும் ஒருக்களித்தும் சோதியுங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும்.

மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்ன துளைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது லீக் கிடையாது. நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி. அதை எந்தக் காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்காவிட்டால் சைஸ் தவறாக இருக்கலாம். இந்த வகை மாஸ்க்கில் வாயை லேசாகத் திறந்தாலும் குஷனின் கீழ் விளிம்பு கீழுதட்டுக்கு அடியில் உள்ள பள்ளத்திலேயே நிற்க வேண்டும். புண் ஆறும்வரை, மூக்குத்தண்டைத் தொடாமல் மூக்குக்கு அடியில் உட்காரும் மாடலைக் கேளுங்கள். மெஷினை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான மாஸ்க்குகள் அதே குழாயில் பொருந்தும்.

உங்கள் கணவருக்கு ஃபுல் ஃபேஸ் அவசியம்தானா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். அது சிலருக்குத் தாடையைப் பின்னால் தள்ளும். கூடுதல் அழுத்தமும் தேவைப்படலாம். மூக்கால் நன்றாக மூச்சு விட முடிகிறவர்கள் மூக்கு மாஸ்க்கில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

மூக்கு மாஸ்க்தான் போடுகிறேன். காலையில் நாக்கு மரக்கட்டை மாதிரி வறண்டிருக்கிறது. வாயில் டேப் ஒட்டலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

தூக்கத்தில் வாய் திறந்து, மூக்கில் போகும் காற்று வாய் வழியே வெளியேறுகிறது. டேப் வேண்டாம். மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ ஆபத்து.

வாய் ஏன் திறக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூக்கடைப்புதான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தயாரித்த உப்புக் கரைசலால் படுக்கும் முன் மூக்கைக் கழுவுங்கள். மெஷின் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஒரு படி கூட்டுங்கள். தொடர்ந்து அடைத்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கட்டும். மூக்கின் உள்ளே நடுச்சுவர் வளைவோ அலர்ஜியோ இருக்கலாம். தாடைப்பட்டை சிலருக்கு உதவும். ஆனால் அது தாடையைத் தாங்குமே தவிர உதட்டை மூடாது. எதுவும் பலிக்காவிட்டால் ஃபுல் ஃபேஸ்தான். மாஸ்க் வகையை மாற்றினால் மெஷின் செட்டிங்கிலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் லீக் கணக்கு தப்பாக வரும்.

மீசையை எடுக்காமல் ஏதாவது வழி உண்டா?
— வாசகர், மதுரை

உண்டு. நேஸல் பில்லோ மாஸ்க் மூக்குத்துவாரத்தின் வாசலில் உட்காரும். அதனால் மீசை அவ்வளவாகக் குறுக்கிடாது. துவாரத்துக்குள் திணிக்கக் கூடாது, விளிம்பில் உட்கார்ந்தால் போதும். அழுத்தம் மிக அதிகமாக உள்ளவர்களுக்குக் காற்று நேராகப் பீய்ச்சுவது போலிருக்கும், அவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம்.

ஏசி அறையில் தூங்கினால் குழாயில் தண்ணீர் சேர்ந்து முகத்தில் கொட்டுகிறது.
— வாசகி, சென்னை

சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். தண்ணீர் முகத்துக்கு வராமல் திரும்பி ஓடும். குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், இல்லையேல் துணி உறை போடுங்கள். ஹியூமிடிஃபையரை ஒரு படி குறையுங்கள். சூடாகும் குழாய் வாங்கினால் தொல்லை பெரும்பாலும் தீரும். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும்; போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும்.

புது குஷன் கொஞ்ச நாளிலேயே வழுக்குகிறது. தினமும் டெட்டால் போட்டுக் கழுவுகிறேன்.
— வாசகி, தஞ்சாவூர்

டெட்டாலை நிறுத்துங்கள். வாசனையும் போகாது, சிலிகானும் கெடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல் விட்டு, விரலால் தேய்த்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். குஷனுக்குத் தினமும், ஸ்ட்ராப்புக்கு வாரம் ஒருமுறை. வழுக்கலுக்கு முக்கியக் காரணம் முகத்து எண்ணெய். தலைக்கு எண்ணெய், முகத்துக்கு க்ரீம் எல்லாம் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. எந்த மாஸ்க்கும் போடலாமா?
— வாசகர், சேலம்

ஸ்ட்ராப் கிளிப்பில் காந்தம் உள்ளதை வாங்காதீர்கள். பேஸ்மேக்கர் போன்ற கருவிகளிலிருந்து காந்தம் குறைந்தது 6 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். தூங்கும்போது மாஸ்க் கழன்று நெஞ்சில் விழலாம் என்பதை மறக்காதீர்கள். அம்மா பக்கத்தில் படுக்கும் வேறொருவர் மாஸ்க் போட்டாலும் இது பொருந்தும். காந்தமில்லாத சாதாரண கொக்கி கிளிப் மாடல்கள் கிடைக்கின்றன. கடையில் ‘மேக்னெட் இல்லாதது’ என்று சொல்லிக் கேளுங்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால் இதய டாக்டரிடம் காட்டிவிட்டு மாற்றுங்கள்.