ஆறு மாதத்தில் ஹைஜீனிஸ்ட் ஆக முடியுமா?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்தாள். நீட் மார்க் பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். சேரக் காணாது. ஆறே மாதத்தில் டென்டல் ஹைஜீனிஸ்ட் ஆகலாம், ஆஸ்திரேலியாவுக்கே போகலாம் என்கிறார்கள் ஒரு பயிற்சி மையத்தில். பணம் கட்டட்டுமா? – ஒரு தாய், முக்கூடல்.

பதில்: கட்டாதீர்கள் அம்மா. டென்டல் ஹைஜீனிஸ்ட் என்பது 2 ஆண்டு டிப்ளமோ. நீட் தேவையில்லை, பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டமே இந்தத் தொழிலுக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறது: காரை (பல்லில் படிந்து இறுகிய அழுக்கு) எடுப்பது, பல்லைச் சுத்தம் செய்து பாலிஷ் போடுவது, வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது. பல் டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்யலாம்.

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும். அந்த மையத்தில் இதைத்தான் கேளுங்கள்: "உங்களிடம் படித்தவர்களின் கவுன்சில் பதிவைக் காட்டுங்கள்." ஆறு மாதச் சான்றிதழை வைத்துக் கருவி கழுவி, ஸ்டெரிலைஸ் செய்து, டாக்டர் பக்கத்தில் நிற்கலாம். கௌரவமான வேலைதான், ஆனால் அது உதவியாளர் வேலை.

ஆஸ்திரேலியாவில் 'ஓரல் ஹெல்த் தெரபிஸ்ட்' என்பது வேறு. பெரும்பாலும் 3 ஆண்டுப் பட்டப்படிப்பு. காரை எடுப்பதோடு, பிள்ளைகளின் சொத்தைப்பல்லை அடைப்பதும் பால்பல் பிடுங்குவதும் அதில் சேரும். நியூசிலாந்தில் 1921-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பயிற்சி பெறத் தொடங்கிய பல் செவிலியர்களிடமிருந்து வளர்ந்த தொழில் அது. இங்குள்ள டிப்ளமோவைக் காட்டி நேரே அந்த வேலையில் சேர முடியாது.

உங்கள் பக்கத்துக்கு இந்தப் படிப்பு எவ்வளவு தேவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பீடி குடிக்கிறவர்களுக்கு நிகோட்டின் ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் அவ்வளவாகக் கசியாது. பல் ஆடத் தொடங்கிய பிறகே வருவார்கள். காரையும் அப்படித்தான், வலிக்காமல் வளரும். பல்லில் படியும் அழுக்கு, எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். எச்சில் சுரந்து விழும் இடமான கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் அது அதிகம். இறுகியபின் எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. கருவியால்தான் எடுக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன், தெரிந்த பல் டாக்டரிடம் அனுமதி கேட்டு மகளை ஒரு நாள் முழுக்க ஸ்கேலிங், அதாவது காரை எடுப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிந்த கழுத்தோடு, ரத்தமும் எச்சிலும் கலந்த வாயைப் பார்த்தபடி மணிக்கணக்கில் செய்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.