பனிச்சறுக்கு ஊரில் குழுவாக ஒரு வாரம், குளூட்டன் இல்லாமல்: கேள்வி பதில்

எனக்குச் சீலியாக் நோய்: கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உடம்புக்கு ஆகாது. குளிர்காலம் வந்தால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு பனிமலைக்குக் கிளம்பிவிடும் பழக்கமும் உண்டு. இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறேன் என்று நிறையப் பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சாப்பாடு, தங்குமிடம், சமையலறை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து மாத்திரை பற்றி வேண்டாம். நான் மருத்துவர் இல்லை.

கே: அக்கா, நாங்கள் பத்துப் பேர் போகிறோம். இரண்டு பேருக்குச் சீலியாக். ஓட்டலா, வீடு எடுப்பதா?

ப: வீடுதான். முதலில் சமையலறையைப் பாருங்கள். சறுக்குப் பாதைக்குப் பக்கமா, ஜன்னலில் மலை தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். பனிச்சறுக்கு ஊர்கள் பெரும்பாலும் சின்ன ஊர்கள். இருக்கிற சில உணவகங்களும் சீசனில் நிரம்பி வழியும். ராத்திரி எட்டு மணிக்குப் பத்துப் பேராகப் போய் உட்கார்ந்துகொண்டு, "இதை எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்?" என்று கேட்டால், நின்று பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் சமையலறைப் படம் கேளுங்கள். எத்தனை அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம் உண்டா, சட்டிகள் எஃகா, கீறல் விழுந்த நான்ஸ்டிக்கா என்று பாருங்கள். கீறலிலும் மரக்கரண்டியின் வெடிப்பிலும் வடிகட்டியின் கண்களிலும் மாவு ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. ஒரு வடிகட்டி, ஒரு வெட்டும் பலகை, ஒரு கரண்டி, இந்த மூன்றும் என் பெட்டியிலேயே வரும். அங்கே இருக்கிற டோஸ்டரைத் தொடவே தொடாதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடை. ஆல்ப்ஸ் பக்கம் வீட்டு வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியும். சனி சாயங்காலம் சாவி வாங்கிப் பெட்டியை இறக்குவதற்குள் கடை அடைத்துவிடும். மறுநாள் ஞாயிறு, ஆஸ்திரியா போன்ற இடங்களில் அன்று பெரும்பாலான கடைகள் திறக்காது. அதனால் அடிவாரத்துப் பெரிய ஊரிலேயே வாங்கிக்கொண்டு மலையேறுங்கள். இரண்டு நாள் சாப்பாடு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். 2018 ஜனவரியில் கடும் பனியால் சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குப் போகும் சாலையும் ரயிலும் நின்று, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு நாளில் மற்றவர்கள் எதையாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். நம் கதை அப்படியில்லை.

கே: முதல் முறை சறுக்குகிறவர்களுக்கு எந்த மலை நல்லது?

ப: சறுக்குப் பயிற்சி தருகிறவர்களைக் கேளுங்கள். என் ஆட்டம் அடுப்படியில்தான்.

கே: ஓட்ஸ் சாப்பிடலாமா? காலையில் சறுக்கப் போகும் முன் அதுதான் வசதி.

ப: ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலிருந்து ஆலை வரை கோதுமை, பார்லியோடு கலந்தே வருவதால் சாதாரண ஓட்ஸ் நமக்கு ஆகாது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பொட்டலமாகப் பாருங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படி அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன்தான் உச்ச வரம்பு. சீலியாக் உள்ளவர்களில் சிலருக்குச் சுத்தமான ஓட்ஸும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் முதன்முதலாகச் சாப்பிட்டுப் பார்ப்பதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மலை உச்சியில் வேண்டாம்.

கே: ஃபாண்ட்யூ சாப்பிடாமல் என்ன ஆல்ப்ஸ் பயணம்? அது வெறும் சீஸ்தானே?

ப: உருக்கிய சீஸும் அதில் சேர்க்கும் ஒயினும் சரி. கெட்டிப்படுத்தச் சோளமாவு போட்டார்களா, கோதுமை மாவா என்று கேட்க வேண்டும். ஆனால் விவகாரம் மாவில் இல்லை, முள்கரண்டியில். எட்டுப் பேர் ரொட்டித் துண்டைக் குத்தி ஒரே சட்டியில் முக்குகிறார்கள். பாதி ரொட்டி உள்ளேயே விழுகிறது. தனிச் சட்டி கொடுத்தால் உருளைக்கிழங்கை முக்கிச் சாப்பிடுங்கள். இல்லையென்றால் ராக்லெட் கேளுங்கள்: உருக்கிய சீஸ், வேகவைத்த உருளை, ஊறுகாய் வெள்ளரி. மேசையில் ஆளுக்கொரு சின்னத் தட்டில் உருக்கிக்கொள்ளும் வகை என்றால் இன்னும் நிம்மதி, தட்டு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

கே: எங்கள் குழுவில் ஒருத்தி நோய் எதுவும் இல்லாமல், உடம்பு லேசாக இருக்கிறது என்று குளூட்டனை விட்டிருக்கிறாள். அவளுக்கும் இதே கெடுபிடியா?

ப: அவர் விருப்பம் அது. ஆனால் உணவகத்தில் "எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, கடைசியில் பக்கத்துத் தட்டிலிருந்து கேக்கைக் கிள்ளிச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து வரும் சீலியாக்காரர் சொல்வதைச் சமையல்காரர் நம்ப மாட்டார்.

கே: நேராகவே கேட்கிறேன். இரண்டு பேருக்காக எட்டுப் பேர் ஒரு வாரம் ரொட்டி, பாஸ்தாவைத் துறக்க வேண்டுமா? நாங்களும் காசு கொடுத்துத்தானே வருகிறோம்?

ப: துறக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? பிரச்சினை ரொட்டித் தூளும் பறக்கும் மாவும்தான். வீட்டுக்குள் மாவுப் பையைப் பிரிக்கக் கூடாது, கேக் பிசையக் கூடாது. ரொட்டியை மேசையின் ஒரு மூலையில் தனிப் பலகையில் வையுங்கள். வெண்ணெய், ஜாம் இரண்டிரண்டாக வாங்குங்கள். ரொட்டியில் தடவிய கத்தி திரும்ப டப்பாவுக்குள் போனால் அந்த டப்பா எங்களுக்கு முடிந்தது. ராத்திரிச் சாப்பாடு எல்லாருக்கும் ஒன்று: ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசிச் சோறு, பொலெண்டா என்ற மக்காச்சோளக் களி, சுட்ட உருளையோடு இறைச்சி, சோள டார்ட்டியா. இதில் எதைத் துறந்தீர்கள்?

கே (மேலே கேட்டவரே): ஒரே ஒரு ராத்திரி எங்களுக்கென்று பாஸ்தா செய்தால் என்ன? தனிப் பாத்திரம்தானே?

ப: செய்யுங்கள். சீலியாக் உள்ளவர்களுடையதை முதலில் செய்து மூடி வைத்துவிட்டு உங்களுடையதைச் செய்யுங்கள். கரண்டி மாறக் கூடாது, வடிகட்டி மாறக் கூடாது. ஆனால் நாலு மணி நேரம் சறுக்கிவிட்டு ஈரக் காலுறையோடு வந்து, கையில் ஒரு கிளாஸ் ஒயினோடு சமைக்கிறவருக்கு எந்தக் கரண்டி யாருடையது என்று நினைவிருக்குமா என்பதை மட்டும் யோசியுங்கள்.

கே (வேறொருவர்): எனக்கே சீலியாக்தான். எனக்காக யாரும் எதையும் மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். எல்லாரும் என்னைப் பார்த்து முணுமுணுப்பதைவிட நான் தனியாகச் சமைத்துக்கொள்வது மேல்.

ப: உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஒரே அடுப்படியில் பத்துப் பேருக்கு நடுவே தனியாகச் சமைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நாளுக்குக் குளூட்டன் 10 மில்லிகிராமுக்குக் கீழ் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பான அளவு. ஒரு துண்டு ரொட்டியிலோ கிராம் கணக்கில் குளூட்டன் இருக்கிறது. சிதறுகிற தூளே போதும். கூச்சப்பட்டு அறையில் உட்கார்ந்து பழமும் சிப்ஸும் தின்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

கே (ரொட்டி, பாஸ்தா பற்றிக் கேட்டவர்): சரி, விலை அதிகமான அந்தக் குளூட்டன் இல்லாத ரொட்டிக்கும் நாங்கள் பங்கு போட வேண்டுமா?

ப: பொதுச் சாப்பாடு பொதுச் செலவு. அந்த ஒரு ரொட்டிக்காகக் கணக்குப் போடுகிற குழுவோடு நான் மலைக்குப் போக மாட்டேன். இந்தப் பேச்சு இத்துடன் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: டோஸ்டரைக் கவிழ்த்துத் தட்டிவிட்டால்?

ப: வேண்டாம். ஓவனில் புதுத் தாள் விரித்து ரொட்டியைச் சுடுங்கள்.

கே: போன தடவை மலையில் குளூட்டன் இல்லாத பாஸ்தா கூழாகிவிட்டது. வீட்டில் அப்படி ஆவதில்லை. ஏன்?

ப: நல்ல கேள்வி. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். 1,600 மீட்டரில் இருக்கும் செர்மாட்டில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியில் கொதிக்கும். சுமார் 2,900 மீட்டரில் இருக்கும் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைவு, அதனால் வேக நேரம் பிடிக்கும். கோதுமைப் பாஸ்தாவில் குளூட்டன் வலை மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். அரிசி, சோளப் பாஸ்தாவில் அந்தப் பிடிப்பு இல்லை. உள்ளே வேகும் வரை வைத்தால் வெளிப்புறம் கரைந்து கூழாகிறது. மெல்லிய, சின்ன வடிவமாக வாங்கி, நிறையத் தண்ணீரில் போட்டு, நேரத்தைப் பார்க்காமல் பல்லில் கடித்துப் பார்த்து இறக்குங்கள். அரிசிக்குப் பிரஷர் குக்கர். உயரத்தில் அதற்கும் ஓரிரு நிமிடம் கூடுதலாகும். கேக், ரொட்டி சுடும் ஆசையை ஊருக்குத் திரும்பும் வரை ஒத்திப் போடுங்கள்.

கே: மலை மேல் மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி? உருளை வறுவல் எல்லா இடத்திலும் இருக்குமே?

ப: இருக்கும். ரொட்டித் தூள் பூசிய ஷ்னிட்செல் இறைச்சியைப் பொரித்த அதே எண்ணெயில். எண்ணெய்ச் சூட்டில் குளூட்டன் அழியாது. சூப்பில் மாவு கரைத்திருப்பார்கள், இத்தாலியின் தென் டிரோல் பக்கம் பார்லி சூப்பே உண்டு. அங்கே தட்டில் வரும் உருண்டை பழைய ரொட்டியில் செய்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து, பொட்டலம் கட்டாத உணவுக்கும் ஒவ்வாமைப் பொருள் விவரம் தர வேண்டும் என்பது சட்டம். தயங்காமல் கேளுங்கள். பதினோரு மணிக்கே போனால் சமையல்காரரிடம் பேச முடியும், பன்னிரண்டரைக்கு முடியாது. சட்டைப்பையில் சாப்பாடு வைப்பதானால் கோட்டின் உட்பையில் வையுங்கள். வெளிப்பையில் வைத்த எனர்ஜி பார் கல்லாகிவிடும், பல் பத்திரம்.

கே: பீர்?

ப: பார்லி. வேண்டாம். குளூட்டனை நீக்கியது என்று விற்பதும் பார்லிதான், நான் தொடுவதில்லை. ஒயின், ஆப்பிள் சைடர், காய்ச்சி வடித்த மது சரி.

கே: எனக்கும் சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம். பயணத்துக்காக இப்போதே நிறுத்திவிட்டு, வந்து பரிசோதனை செய்துகொள்ளலாமா?

ப: கூடாது. குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மருத்துவரை முதலில் பாருங்கள்.

கே: ஓட்ஸ் சாப்பிடலாமா?

ப: மேலே இருக்கிறது.

கே: அமெரிக்காவில் பொட்டலத்தில் கோதுமை இல்லை என்று போட்டிருந்தால் போதுமா?

ப: போதாது. அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் கோதுமை உண்டு, பார்லியும் ரை என்ற தானியமும் கிடையாது. பொருள் பட்டியலில் மால்ட் (பெரும்பாலும் முளைகட்டிய பார்லி) இருக்கிறதா என்று படியுங்கள். குளூட்டன் இல்லாதது என்றே அச்சிட்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கே: கையைச் சானிடைசரால் துடைத்துவிட்டு சீலியாக் உள்ளவர்களுக்குச் சமைக்கலாம்தானே?

ப: சானிடைசர் கிருமியைக் கொல்லும், மாவை அகற்றாது. சோப்பு, தண்ணீர்.

கே: டோஸ்டர் புதிதாக வாங்கினால்? ஓட்ஸ் பார் எடுத்துப் போகலாமா? பயணக் காப்பீடு எது நல்லது?

ப: புதிது என்றால் சரி, ஆனால் அதில் வேறு ரொட்டி போகாமல் யார் காவல் இருப்பது? ஓட்ஸுக்கு மேலே. காப்பீட்டுக்குக் காப்பீட்டுக்காரர். இன்னும் வரிசையில் இருக்கிற கேள்விகளில் நாலு ஓட்ஸ், மூன்று டோஸ்டர்; அவற்றுக்கு நான் தனியாக எழுதப் போவதில்லை.