வெள்ளைப்படுதல், நல்ல பாக்டீரியா, ஹெச்பிவி: கேளுங்க, சொல்றேன்

பெண்கள் ஓபில 18 வருஷமா நர்ஸா இருக்கேன். கூச்சப்படாம கேளுங்க, எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

அக்கா, 34 வயசு. ஹெச்பிவி பாசிட்டிவ், கூடவே பாக்டீரியல் வஜைனோசிஸ்னும் எழுதிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா?

ஒண்ணு இல்லம்மா. ஹெச்பிவி உறவுல தொத்துற வைரஸ். இன்னொண்ணு, பெண்ணுறுப்புக்குள்ள எப்பவுமே இருக்குற பாக்டீரியாவுல நல்லது குறைஞ்சு மத்தது பெருகிப் போறது. ஆனா ரெண்டும் சேர்ந்து இருக்குறத நிறைய பாக்குறோம், காரணம் இருக்கு. லாக்டோபேசில்லஸ்னு ஒரு பாக்டீரியா, அதுலயும் கிறிஸ்பேட்டஸ்ங்குற வகை, லாக்டிக் ஆசிட் சுரந்து அந்த இடத்தோட பிஹெச்ச 4.5க்கு கீழ புளிப்பாவே வச்சிருக்கும், அந்த புளிப்புல கெட்டது வளராது. அது குறைஞ்சா கார்ட்னரெல்லா மாதிரி கெட்ட பாக்டீரியா வந்து, கர்ப்பப்பை வாய்க்கு மேல காவலா இருக்குற கொழகொழப்பான சளியையே கரைச்சுடும், உள்ள புண்ணு மாதிரி அழற்சியும் வரும், வைரஸ் ஒட்டுறது சுலபம், போறதுதான் லேட் ஆகுது. ஒரு தடவ லேப்ல மைக்ராஸ்கோப்ல காட்டுனாங்க, பொரிக்கப் போற மீன்ல ரவை தூவின மாதிரி செல்லோட ஓரமெல்லாம் பாக்டீரியா அப்பிக் கெடந்துச்சு. இன்னும் கண்ணுலயே நிக்குது.

அப்ப பாக்டீரியாவுக்கு மாத்திரை போட்டா ஹெச்பிவியும் போயிடுமா?

போகாது. மெட்ரோனிடசோல் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸ ஒண்ணும் பண்ணாது. வைரஸ நம்ம உடம்புதான் விரட்டணும், 10 பேர்ல 9 பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள தானாவே போயிடும். போகாம தங்குறதுதான் பயம், அதுலயும் 16, 18ங்குற ரெண்டு வகை, கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சுமார் 70 சதவீதம் அதுங்களாலதான். அதனால மாத்திரைய பாதில நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்ன தேதிக்கு ரிப்பீட் டெஸ்டுக்கும் போங்க.

மீன் வாடை மாதிரி வருது, தினமும் உள்ள வரைக்கும் வாஷ் போட்டு கழுவுறேன். சரிதானே?

ஐயோ வேணாம்மா, இன்னைக்கே நிறுத்துங்க. நல்லதயும் சேத்து கழுவி விட்டுடுறீங்க, வாடை இன்னும் கூடும். வெளிப்பக்கம் வெறும் தண்ணி போதும். டெட்டால், எலுமிச்சை எதுவும் கிட்ட கொண்டு போகாதீங்க. வாடைய டாக்டர்கிட்ட காட்டுங்க, ஒரு வாரத்துல சரியாகுற விஷயத்துக்கு வருஷக்கணக்கா வெக்கப்பட்டு மறைச்சவங்கள பாத்திருக்கேன், அதான் இவ்ளோ கோவமா சொல்றேன்.

தயிர் வைக்கலாமா? அதுலயும் லாக்டோபேசில்லஸ்தானே?

பேரு ஒண்ணு, வகை வேற. உறை மோர்ல இருக்குறது அந்த இடத்துல குடியேறாது. சாப்பிடுங்க, வைக்காதீங்க.

ஹெச்பிவி வந்தா வீட்டுக்காரர் வேற எங்கயோ போனார்னு அர்த்தமா?

இல்லவே இல்ல. இந்த வைரஸ் வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும், யார்கிட்டருந்து எப்ப வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. இத வச்சு வீட்ல சண்ட போடாதீங்க.

பொண்ணுக்கு 12 வயசு. ஹெச்பிவி தடுப்பூசி இப்பவே போடலாமா?

போடுங்க, இதான் சரியான வயசு. உறவுங்குற பேச்சே வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழு பலன். 15க்குள்ள ஆரம்பிச்சா வழக்கமா ரெண்டு டோஸ், ஒரு டோஸே போதும்னு 2022ல உலக சுகாதார நிறுவனமும் சொல்லிடுச்சு. நம்ம நாட்டுல தயாரிக்கிற செர்வாவேக்ங்குற ஊசியும் இருக்கு.

எனக்கு 47, ஒரு தொந்தரவும் இல்ல. கர்ப்பப்பை வாய் கேன்சர் டெஸ்ட் அவசியமா?

அவசியம்மா. ஆரம்பத்துல வலி, ரத்தம் எதுவும் காட்டாது. ஸ்பெகுலம்னு உள்ள விரிச்சுப் பாக்குற ஒரு கருவிய வச்சு கர்ப்பப்பை வாயில வினிகர் மாதிரி ஒரு ஆசிட்ட பஞ்சால தடவி ஒரு நிமிஷம் பாப்போம், சந்தேகமான இடம் மட்டும் வெள்ளையா மாறும். லேசா எரியலாம், அவ்ளோதான். பீரியட்ஸ் இல்லாத நாளா பாத்து வாங்க.