நவம்பரைத் தாண்டுங்கோ, மிச்சம் நாய் பார்த்துக்கொள்ளும்

தங்கச்சி, ஒஸ்லோவுக்கு வந்து அரை வருசம், உங்கட அவர் விடியமுதல் வேலைக்குப் போய்விடுகிறார், அவர் வளர்த்த லப்ரடோரைக் காலையும் மாலையும் கொண்டுபோகிற பொறுப்பு உங்கட தலையில் விழுந்திருக்கிறது. இந்த இருட்டுக்குள் பன்னிரண்டு மாதமும் எப்படி நடக்கிறீர்கள், இதில் என்ன சந்தோசம் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒன்று. நீங்கள் நடக்கத் தொடங்கியது வருசத்திலேயே மோசமான மாதத்தில். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால், பிறகு பின்னேரம் நாலு மணியோடு எல்லாம் முடிந்தது. பனியும் இன்னும் விழுந்திராது. ஈரத் தார் ரோட்டு, கறுத்த மரங்கள், விடாத தூறல். பனி கொட்டிய பிறகு பாருங்கோ, தெருவிளக்கு வெளிச்சமே நிலத்தில் பட்டுத் தெறித்துக் காட்டுப் பாதை துலக்கமாகத் தெரியும். என்னைக் கேட்டால் ஜனவரியின் மைனஸ் 10 பாகையில் நடப்பது நவம்பரின் பிளஸ் 2இல் நடப்பதைவிட எவ்வளவோ சுகம். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. இருட்டுக்கு இல்லை.

அதனால் கடிகாரத்தைப் பார்த்து நடக்காமல் வெளிச்சத்தைப் பார்த்து நடவுங்கோ. டிசம்பர் 21ஐ ஒட்டி இங்கே சூரியன் காலை ஒன்பதேகால் போல எழும்பி, பின்னேரம் மூன்றேகாலுக்குள் போய்விடும். விடியக்காலை நடையைப் பத்து நிமிசத்தோடு முடியுங்கோ, அது நாயின் அலுவலுக்கு மட்டும். நோர்வேஜிய மொழி வகுப்பு இல்லாத நாட்களில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் நீண்ட நடை போங்கோ. நாய்க்கும் உங்களுக்கும் அந்த ஒரு நடை போதும். இருட்டில் போகும்போது ரிஃப்ளெக்ஸ், அதுதான் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டி, இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். மங்கல் விளக்குப் போட்டு வரும் கார்க்காரருக்கு அது இல்லாத ஆள் 25–30 மீற்றரில்தான் தெரிவார், இருந்தால் 140 மீற்றரிலேயே தெரிவார். நாய்க்கும் ஒன்று கட்டுங்கோ. ரோட்டில் போடும் உப்பு பாதத்தை எரிக்கும், வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவிவிடுங்கோ.

எல்லாரும் பயப்படுத்துவது ஜனவரியைச் சொல்லி. மார்ச்சிலும் கவனம் வேண்டும். பகலில் உருகி இரவில் உறைந்து பாதை கண்ணாடியாகிவிடும், அப்போது பெரிய நாய் ஒன்று இழுத்தால் நிற்கவே முடியாது. சப்பாத்தின் அடியில் மாட்டுகிற முள்ளு, புரொட்டர் என்பார்கள், விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். ஜக்கெட் வாங்க முதல் அதை வாங்குங்கோ.

ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாயை வாரில்தான் பிடிக்கவேண்டும், அது நாடு முழுவதற்கும் சட்டம். நிலத்தில் கூடு கட்டுகிற பறவைகளுக்கும் குட்டி போடுகிற காட்டு விலங்குகளுக்கும் அதுதான் காலம். மே, ஜூனில் குட்டியோடு நிற்கிற எல்க், அதுதான் இங்கத்தைப் பெரிய காட்டு மான், நாயைக் கண்டால் ஓடாது, எதிர்த்து வரும். பார்த்தால் வந்த வழியே மெல்லத் திரும்புங்கோ. வெயில் பட்ட பாறைகளில் ஹொக்கோர்ம் பாம்பு காயும், நோர்வேயில் உள்ள ஒரே நச்சுப் பாம்பு. நாயைக் கடித்தால் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும். லப்ரடோரைத் தூக்குவது லேசில்லை என்று தெரியும், அதற்குத்தான் வார். உண்ணிக்கு வைத்தியரிடம் குளிசை இருக்கிறது, ஆனாலும் காதடியையும் கால் இடுக்கையும் தினமும் தடவிப் பாருங்கோ.

கோடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜூனில் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம், இரவு பத்து மணிக்கும் நடக்கலாம். ஜூலை கடைசியில் காட்டில் நீலப் பெரி பழுக்கும். என்ரை நாய் சிங்கன் செடியிலிருந்து வாயாலேயே உருவித் தின்பான். ஆருடைய காடு என்று கேட்கத் தேவையில்லை, யாரும் எங்கும் நடக்கலாம் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மரத்தில் நீலக் கோடு போட்டிருந்தால் நடைபாதை, சிவப்பு என்றால் பனிச்சறுக்குப் பாதை. குளிர்காலத்தில் மெசின் வெட்டி வைத்த சறுக்குத் தடத்தில் மட்டும் நாயோடு கால் வைக்காதீர்கள். எப்போதும் கதைக்காத நோர்வேஜியர் அப்போது கதைப்பார்.

எனக்குப் பிடித்தது செப்டெம்பர். நுளம்பு இல்லை, காற்றில் குளிர் தொடங்கும், பிர்ச் மரம் மஞ்சளாகும், சொல்வழி கேட்கிற நாயை அவிழ்த்தும் விடலாம். 25ஆம் திகதி எல்க் வேட்டை தொடங்கினால் மட்டும் செம்மஞ்சள் ஜக்கெட் போட்டு வாரில் பிடித்துக்கொள்ளுங்கோ.

சந்தோசம் என்ன என்று கேட்டீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலும் முகம் பார்க்காத சனம் காட்டுப் பாதையில் "ஹெய்" சொல்லும். நாய் இருந்தால் நின்று கதைக்கும். ஆணா பெண்ணா, எத்தனை வயசு, பெயர் என்ன, எல்லாம் நாயைப் பற்றித்தான். எங்கட பகுதி அம்மெரூட்டில் என்னைப் பெயர் சொல்லித் தெரியாதவர்களுக்கும் சிங்கனைத் தெரியும். வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்பட்ட நான் கதைக்கப் பழகியது அந்தப் பாதையில் சந்திக்கிற கிழவிகளோடுதான். ஊரில் எங்கட நாய் வளவில் கிடந்து மிச்சச் சோறு தின்ற நாய். நான் பையோடு குனிவதை வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா, "நாய்ப்பீ அள்ளவோடி நோர்வேக்குப் போனனீ?" என்று கேட்டுச் சிரித்தா. ஆனால் மிச்சக் கறிச்சோறு இங்கே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்று அவரிடம் கேளுங்கோ, மிருக வைத்தியரின் பில்லைப் பார்த்தால் விளங்கும்.

வாற சனிக்கிழமை பதினொரு மணிக்கு குறூருட் ஸ்ரேசனுக்கு வாங்கோ, ஸ்டெய்ன்புறுவன்னே ஏரியைச் சுற்றி வருவம். சிங்கன் ஆண் நாய்களைக் கண்டால் உறுமுவான், அதால உங்கட லப்ரடோர் ஆணோ பெண்ணோ என்று முதலே சொல்லிவிடுங்கோ.