கடலோரக் கட்டடம், ஒழுகும் கூரை: காசு எந்தக் கணக்கில்?

மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூடம், பழைய அலுவலகம் எனக் கடற்கரையை ஒட்டிய பொதுக் கட்டடங்களின் கூரை பற்றி வந்த கேள்விகள் இவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் விடப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தின் கூரைத் தகடு முழுக்க ஓட்டை. ஊராட்சியில் கேட்டால் "மீன்வளத் துறை கட்டினது" என்கிறார்கள். துறையில் கேட்டால் "ஊராட்சிக்கு அப்போதே கொடுத்துவிட்டோம்" என்கிறார்கள். யாரிடம் போவது?

இப்போதைக்கு யாரிடமும் பணம் கேட்காதீர்கள். முதலில் ஒப்படைப்புக் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்தபோது துறை எழுத்தில் ஒப்படைத்து, ஊராட்சி தன் சொத்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் அது ஊராட்சிக் கட்டடம். பதிவேட்டில் இல்லை என்றால், யார் என்ன வாயால் சொன்னாலும் ஊராட்சிப் பணத்தை அதில் போட முடியாது. போட்டால் தணிக்கையில் மறுப்பு வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் இரண்டு இடத்துக்கும் ஒரே மனுவைப் போடுங்கள்: பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகலும் ஒப்படைப்புக் கடிதத்தின் நகலும் வேண்டும் என்று. 30 நாளில் பதில் வரவேண்டும். மூன்று வருடம் நடையாய் நடப்பதைவிட இது விரைவு.

ஊராட்சிக் கட்டடம் என்று தெரிந்தால் பொது நிதி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் மூன்றும் வழி. 15வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 40 சதவீதம் நிபந்தனையற்றது. சம்பளம், நிர்வாகச் செலவு தவிர ஊரின் தேவைக்குப் பயன்படுத்தலாம். மீதி 60 சதவீதத்தில் பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. கூரைத் தகட்டை இந்த 60க்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள். ஆனால் கூரைநீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் குழாயும் வடிகட்டியும் அதற்குள் நியாயமாகவே வரும். மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தால் கூரைக்கான பாரம் குறையும். அடுத்த காலத்துக்கான பங்கீட்டை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

துறைக் கட்டடம் என்றால் மீன்பிடித் துறைமுகத் திட்டக் கோட்டத்தின் பொறியாளர்தான் மதிப்பீடு போடவேண்டும். பெரிய திட்டங்களின் பெயரைச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள். 2018-19இல் தொடங்கிய மீன்வள உட்கட்டமைப்பு நிதி 7,522 கோடி ரூபாய் என்பது உண்மைதான். ஆனால் அது கடன். வட்டியில் 3 சதவீதம் வரை சலுகை, அவ்வளவே. நபார்டின் ஊரக உட்கட்டமைப்பு நிதியும் மாநில அரசுக்குத் தரும் கடன்தான், உங்கள் ஊருக்கு நேராக வராது. தகடு மாற்றும் 12, 15 லட்ச வேலைக்கு இவற்றின் பின்னால் போவது வீண். தரை, வடிகால், பனிக்கட்டி அறை, கழிப்பறை எல்லாம் சேர்த்து முழுக் கூடத்தையும் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

ஏலக் குத்தகைப் பணம் ஊராட்சிக்கு வருகிறது என்றால், அதில் ஒரு பங்கைக் கூடத்தின் பராமரிப்புக்கே ஒதுக்கக் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடியவேண்டும் என்றால் மே 1க்கு மேல் தள்ளவேண்டாம்.

கேள்வி: கடலிலிருந்து 300 மீட்டரில் எங்கள் ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 1980களில் போட்ட கான்கிரீட் கூரைத் தளம். பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. மேலே நீர்க்கசிவுத் தடுப்புப் பெயின்ட் அடிக்க 3 லட்சத்துக்கு மதிப்பீடு தயார். இது போதுமா?

போதாது. சொல்லப்போனால் அந்த 3 லட்சமும் வீண். கம்பி தெரியும் அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கவேண்டாம் என்பது முதல் வேலை. அதற்கு நிதி தேவையில்லை.

கூரைக்கு மேலிருந்து மட்டும் தண்ணீர் வருகிறது என்று நினைத்துத்தான் பெயின்ட் மதிப்பீடு போடுகிறார்கள். கடற்கரையில் நோய் வேறு. காற்றில் வரும் உப்பு பல ஆண்டுகளாகக் கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பிவரை போய்விட்டது. கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைப்போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் அடிப்பூச்சும் கான்கிரீட்டும் பெயர்ந்து விழுகின்றன. கட்டும்போதே கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்திருந்தால் கதை அன்றே தொடங்கிவிட்டது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் உள்ள தண்ணீர் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. கடலோரத்துக்கு அதே விதி எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. அந்தக் காலத் தளங்களில் 15 மில்லிமீட்டர் கவர் இருந்தாலே பெரிது.

ஆகவே மதிப்பீட்டுக்கு முன் சோதனை. அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையைக் கேளுங்கள். மூன்று சோதனை போதும். ஒன்று, உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளிப்பது: இளஞ்சிவப்பு வராத ஆழம்வரை கான்கிரீட் தன் காரத்தன்மையை இழந்துவிட்டது என்று பொருள். இரண்டு, துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு அளவு. மூன்று, கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்கும் ஹாஃப்-செல் அளவீடு: செப்பு-சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இறங்கினால் அங்கே துரு ஓடிக்கொண்டிருக்கிறது என்று 90 சதவீதம் நம்பலாம். கூடவே, சுத்தம் செய்த கம்பியின் விட்டத்தை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகிவிட்டால் பார்வைக்கு ஒன்றுமில்லை. குறுக்குவெட்டில் 23 சதவீதம் போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி கட்டாமல் பூசக்கூடாது.

சரிசெய்யலாம் என்று அறிக்கை வந்தால் மதிப்பீட்டில் தனித்தனி இனமாக இவை இருக்கவேண்டும்: அடியில் முட்டு கொடுத்தல், கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும்வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தல், கம்பி பளபளக்கும்வரை துரு நீக்கல், துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுப்பூச்சு, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை. பாலிமர் கலவையை ஒரே தடவையில் கனமாக அப்பினால் தொங்கி விழும். 10, 15 மில்லிமீட்டராக அடுக்கவேண்டும். ஒப்பந்ததாரர்கள் ஏமாற்றும் இடம் கொத்துவதில்தான். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசிவிடுவார்கள். பின்பக்க உப்பு அப்படியே இருக்கும். இரண்டு மழைக்காலத்தில் அதே துண்டு கீழே விழும்.

ஒழுங்காகச் செய்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சரிசெய்த இடத்தில் கம்பி பாதுகாப்பாகிவிடுவதால், அதை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் துரு வேகம் பிடிக்கும். குளோரைடு அதிகம் என்று அறிக்கை சொன்னால் சரிசெய்த இடத்தின் விளிம்பில் துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காக்கும் துண்டு) கட்டச் சொல்லுங்கள், அல்லது பெரிய பரப்பாகக் கொத்துங்கள். தளத்தின் பாதிக்கு மேல் கொத்தவேண்டியிருந்தால் புதுக் கட்டடமே மலிவு என்பது எங்கள் கருத்து.

பணம்? பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வரும் ஒருங்கிணைந்த மானியம் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை. அது மழைநீர்க் குழாய் அடைப்பெடுக்கப் போதும், தளத்துக்குப் போதாது. ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. நிறுவன நன்கொடை என்றால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாகக் கேளுங்கள். கம்பெனிச் சட்டம் 2013இன் 135வது பிரிவில் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட்டாகவேண்டும். அடுத்த நிதியாண்டின் பட்ஜெட்டைப் பல நிறுவனங்கள் முன்கூட்டியே முடிவுசெய்வதால், சோதனை அறிக்கையும் மதிப்பீடும் ஜனவரிக்குள் அவர்கள் மேஜையில் இருக்கட்டும். "பள்ளிக்கு உதவுங்கள்" என்ற கடிதத்தைவிட "இந்த மூன்று அறை, இத்தனை சதுர மீட்டர், இந்தச் சோதனை முடிவு" என்ற கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

கேள்வி: நூறு வருடத்துக்கு மேற்பட்ட கடற்கரை அலுவலகக் கட்டடம், மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போடச் சொல்கிறார் ஒப்பந்ததாரர்.

போடவிடாதீர்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்காகக் குத்தி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் தெளித்து அடித்து இறுக்கிய கூரை அது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியேவும் விடும். மேலே சிமென்ட் மூடினால் ஈரம் கீழேதான் இறங்கும், கட்டையின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துவிடும். பாரமும் பாருங்கள்: 10க்கு 20 மீட்டர் கூரையில் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் என்றால் 15 கனமீட்டர், ஏறத்தாழ 36 டன்.

பழைய மேலடுக்கை எடுத்துவிட்டு அதேபோலத் திருப்பிப் போடுவதுதான் வழி. பொதுப்பணித்துறைக் கணக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மணல் கிடையாது, 75 மில்லிமீட்டர் கனம், மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). பத்து கட்டைகளில் இரண்டு உளுத்திருந்தால் இரண்டை மட்டும் மாற்றுங்கள். கட்டையின் முனையைச் சுத்தியலால் தட்டி, துரப்பணம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வரலாற்று மதிப்புள்ள கட்டடத்தைப் புதுப்பிப்பது நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதிக்கான ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. கான்கிரீட் போட்டபின் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் ஊர் பஞ்சாயத்தார் 6 லட்சம் திரட்டியிருக்கிறோம். சமுதாயக்கூடக் கூரைக்கு நமக்கு நாமே திட்டத்தில் போகலாமா?

போகலாம். அனுமதிக்கப்பட்ட பணிப் பட்டியலில் உங்கள் வேலை எந்தத் தலைப்பில் வருகிறது என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுமக்கள் பங்கு மூன்றில் ஒன்று என்றால் 6 லட்சத்துக்கு 18 லட்சம் வரை மதிப்பீடு போகலாம். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 1 சதவீதத் தொழிலாளர் நல நிதியும் இதற்குள்ளேயே அடக்கம். கூரைக்குப் போவது 15 லட்சம் சொச்சம். பணத்தை ஊர்க் கணக்கிலிருந்து ஒப்பந்ததாரருக்கு நேரே முன்பணமாகக் கொடுத்துவிட்டால் அது பங்களிப்பாகக் கணக்கில் ஏறாது. நிர்வாக அனுமதிக்கு முன், அலுவலகம் சொல்லும் பெயரில் வரைவோலையாகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

கேள்வி: கூரை மாற்றக் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி வேண்டுமா?

முறையாக அனுமதி பெற்றுக் கட்டிய கட்டடத்தைப் பழுதுபார்க்க, கட்டுமானத் தடைப் பகுதிக்குள்ளும் அறிவிக்கை இடம் தருகிறது. நிபந்தனை: தரைப்பரப்பு, தளப்பரப்பு விகிதம், அடர்த்தி மூன்றும் பழைய அளவைத் தாண்டக்கூடாது. "அப்படியே ஒரு தாழ்வாரத்தையும் இரண்டு மீட்டர் இழுத்துவிடலாம்" என்று மதிப்பீட்டில் ஒரு வரி சேர்ந்தால் கோப்பு அங்கேயே நிற்கும்.

கேள்வி: கஜா புயலில் தகடு பறந்தது, மாற்றினோம், மறுபடி துரு. மதிப்பீட்டில் என்ன எழுதவேண்டும்?

புயலில் தகடு நடுவில் பிய்வதில்லை. ஓரத்திலும் மூலையிலும்தான் முதலில் கிளம்பும், உறிஞ்சும் விசை அங்கே அதிகம். அதனால் விளிம்புப் பர்லின்களில் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) தகட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று என்று எழுதுங்கள். ஓரத்தில் பர்லின் இடைவெளி ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். கூடத்தைப் புயல் நேரத் தங்குமிடமாகவும் பயன்படுத்துவீர்கள் என்றால் வடிவமைப்பில் காற்று விசைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் (2015) 1.30 காரணியைப் போடச் சொல்லுங்கள். அது காற்று வேகத்துக்கான பெருக்கல், விசை 1.69 மடங்காகும்.

துருவுக்கு: சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம்-துத்தநாகப் பூச்சுக்குக் குறையாத, நிறப்பூச்சு உள்ள தகடு, ஸ்க்ரூவுக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர், வாஷர் பிதுங்கும்வரை முறுக்கக்கூடாது. தகட்டைக் கிரைண்டரில் அறுத்தால் பூச்சு எரிந்து அந்த ஓரம் ஓராண்டில் சிவக்கும், கத்தரியில் வெட்டவேண்டும். துளையிட்ட இரும்புத்தூளை அன்று மாலையே பெருக்கவேண்டும். குழாய்ப் பர்லின்களின் வாயை மூடவேண்டும், இல்லையேல் உள்ளிருந்து அரிக்கும். மழை படாத அடிப்பக்கத்தில்தான் உப்பு தங்கும். ஆண்டுக்கு இரண்டு முறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரில் தூணின் அடித்தகடு போய்க்கொண்டிருக்கும்; அதையும் மதிப்பீட்டில் சேருங்கள். தூண் சாய்ந்தால் புதுத் தகடு எதற்கு?

கேள்வி: வேலை முடிந்ததும் பில்லுக்கு முன் எதைப் பார்க்கவேண்டும்?

கான்கிரீட் தளமென்றால் குழாய் வாய்களை அடைத்து 25 மில்லிமீட்டர் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். 200 சதுர மீட்டருக்கு அதுவே 5 டன், எனவே பொறியாளர் சம்மதித்தால் மட்டும். மெட்ராஸ் டெரஸில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்கு 100 மில்லிமீட்டர் குழாய் ஒன்று ஏறத்தாழ 43 சதுர மீட்டரைத்தான் வடிக்கும். 200 சதுர மீட்டருக்கு ஐந்து குழாய் இருக்கிறதா என்று எண்ணுங்கள். கொத்தி முடித்து, பூசுவதற்கு முன் எடுத்த படங்களைத் தேதியுடன் கேளுங்கள். எம்-புக்கில் (வேலையின் அளவுப் பதிவேடு) கொத்திய அளவும் கம்பி சேர்த்த அளவும் தனி வரியாக ஏறியிருக்கவேண்டும். படம் இல்லாத பரப்புக்கு அளவு எழுதியிருந்தால், அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபின் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் பழைய கான்கிரீட்டே இருக்கிறது.