632632 ஏன் 7, 11, 13 மூன்றாலும் வகுபடுகிறது?

வேலூர்ப் பக்கத்து பின்கோடுகள் 632 என்று தொடங்கும். அதை இருமுறை எழுதினால் வரும் 632632, இந்த மூன்று எண்களாலும் மீதியில்லாமல் வகுபடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

மூன்று இலக்க எண்ணை இருமுறை எழுதுவது என்றால், அதை 1000-ஆல் பெருக்கி அதையே ஒருமுறை கூட்டுவதுதான்: 632000 + 632. அதாவது 632 × 1001. அந்த 1001-தான் 7 × 11 × 13! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. 7-ஆல் வகுத்தால் 90376, அதை 11-ஆல் வகுத்தால் 8216, அதை 13-ஆல் வகுத்தால் பழையபடி 632 வந்து நிற்கும்.

அப்புறம், 632 என்பது 8 × 79. 79 பகா எண். ஆக, 632632-க்கு மொத்தம் 64 காரணிகள். திருப்பத்தூர்ப் பக்கம் 635 அல்லவா? 635635-ஐயும் வகுத்துப் பாருங்கள்.