என் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாமா?

கேள்வி: ஆறு வருடமாக வட்டார வள மையத்தில் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்புப் பயிற்றுநராகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறேன். கூட இருந்த இரண்டு பேர் விலகிவிட்டார்கள். அவர்கள் பார்த்த பள்ளிகளும் இப்போது என் தலையில். வீட்டில் வேறு வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். பிள்ளைகளை நினைத்தால் மனசு வரவில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு, ‘உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி டீச்சர்’ என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! சம்பளத்தில் குறைவதையெல்லாம் இந்தப் பாராட்டால் ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்த்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். அதை அன்புக் குறைவு என்று எண்ணிக் குமைய வேண்டாம்.

அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது, 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு 2022-இல் மத்திய அரசு வகுத்த கணக்கு. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அந்தக் கணக்குப்படி பணியிடங்களை அறிவிக்கவும், பல வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் தகுதியைக் குழு வைத்துப் பார்க்கவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்தரவு நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர நாளாகும், தெரியும். அதனால் நியமனக் கடிதம், ஒவ்வொரு வருட நீட்டிப்பு ஆணை, சம்பளச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள். சிறப்புப் பயிற்றுநர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் உங்கள் பதிவு காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கோட்டைவிட்டால் ஆறு வருட உழைப்பும் கணக்கில் வராமல் போகலாம்.

அப்புறம், எல்லாவற்றையும் நீங்களே சுமக்காதீர்கள். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் போனால், மற்ற நான்கு நாளும் அந்தப் பிள்ளை வகுப்பாசிரியரிடம்தான் இருக்கிறது. பிள்ளையைத் தனியே கூட்டிப்போய் உட்காராமல், வகுப்பிலேயே அவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். அவர் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார். தலைமையாசிரியரிடம் இதற்கு இருபது நிமிஷம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. என் அக்கா மகனுக்குப் பெருமூளை வாதம். புதன்கிழமை தோறும் வீட்டுக்கு வந்த ஒரு டீச்சர், கரண்டிப் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி அவன் கையில் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து, பாதி சிந்தினாலும் அவனே சாப்பிட்டான். அன்றைக்கு அக்கா அழுததை மறக்க முடியாது. அந்த டீச்சர் வேலையை விட்டுப் போனார், அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அடுத்து வந்தவரும், அதற்கடுத்தவரும் அவனுக்கு என்ன வரும், என்ன வராது என்று முதலிலிருந்து தேடினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதுகிற தனிநபர் கல்வித் திட்டம் என்ற படிவம் இருந்தது. துணி சுற்றிய கரண்டி அதில் இல்லை.

சம்பளம் வீட்டுக்குப் போதவில்லை என்றால் கிளம்புவதில் தப்பே இல்லை. ஆனால் இருந்தாலும் போனாலும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எதைக் கண்டால் பயப்படும், எந்தப் பாட்டுக்குத் திரும்பிப் பார்க்கும், பென்சிலை எந்தக் கையில் வைத்தால் பிடிக்கும். அம்மாவிடம் ஒரு பிரதி இருக்கட்டும். புதிதாக வருகிறவரை நான்கு வீட்டுக்காவது உங்களோடு கூட்டிப்போங்கள். கல்லூரிப் பயிற்சி முடித்து நேரே தனியாக வீட்டுக்குள் நுழைகிற பெண்தான் சீக்கிரம் மிரண்டு போகிறாள். உங்கள் முதல் வருடத்தில் யார் கூட வந்தார்கள், அல்லது யாருமே வரவில்லையா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.